கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்க வேதத்தை எப்படி வாசிப்பது?

ஜெபத்துக்குப் பதில் வரத் தாமதிக்கும்போது, "காத்திரு" என்று வரும் வசனங்களைத் தேடி மனப்பாடம் செய்வோம். நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் வசனம் வாயில் இருக்கும், பதற்றமும் மனதில் அப்படியே இருக்கும். பொறுமையைக் கற்றுத்தருவது வேதத்திலுள்ள நீண்ட சரித்திரங்கள்தான். அவற்றை வயதோடும் வருஷத்தோடும் வாசிக்க வேண்டும்.

வாக்குப்பண்ணப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருந்த ஆபிரகாமிடம் தொடங்குங்கள். ஆதியாகமம் 12 முதல் 21 வரை, நாளுக்கு ஓர் அதிகாரம். வயது வரும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்: 12:4இல் 75, 16:16இல் 86, 17:1இல் 99, 21:5இல் 100. 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் 13 வருஷம் ஓடியிருக்கிறது. அந்த வருஷங்களில் தேவன் பேசியதாக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. நாமோ பக்கத்தைத் திருப்பி ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம். அன்றைய வாசிப்பை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ஆகாரின் காரியத்தை, அதாவது சாராள் தன் அடிமைப்பெண்ணை ஆபிரகாமுக்குக் கொடுத்துப் பிள்ளை தேடியதை, நிதானமாகப் பாருங்கள். "உன் கர்ப்பப்பிறப்பாயிருப்பவனே" சுதந்தரவாளி என்று 15:4இல் கர்த்தர் சொன்னார். தாய் யார் என்று அப்போது சொல்லவில்லை. சாராள்தான் தாய் என்பது 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. கானானில் பத்து வருஷம் பொறுத்திருந்தவர்கள், தேவன் சொல்லாமல் விட்ட இடத்தைத் தாங்களே நிரப்பினார்கள். காத்திருப்பு பெரும்பாலும் முறிவது இங்கேதான்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போடுங்கள். ஒன்று, தேவன் உண்மையில் சொன்னது. இரண்டு, நானாகச் சேர்த்துக்கொண்டது. மூன்று, இன்றைக்கு நான் செய்ய வேண்டியது. வேலைக்காக ஜெபிக்கிறவர் மத்தேயு 6:31-33ஐ முதல் பத்தியில் எழுதலாம். "இந்த மாதத்துக்குள்", "அந்த நிறுவனத்திலேயே" என்பதெல்லாம் இரண்டாவதில்தான் வரும். இதை ஒளிக்காமல் எழுதுங்கள். ஏமாற்றம் பெரும்பாலும் பிறப்பது அங்கேதான்.

அடுத்து 1 சாமுவேல் 13ஐயும் 24ஐயும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். தான் வரும்வரை ஏழு நாள் காத்திருக்கும்படி தீர்க்கதரிசியாகிய சாமுவேல் ராஜாவாகிய சவுலுக்குச் சொல்லியிருந்தான் (10:8). சவுல் ஏழு நாள் காத்திருந்தான். ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், சாமுவேல் குறித்த நாளில் வரவில்லை, பெலிஸ்தர் மிக்மாசில் கூடியிருக்கிறார்கள் என்று அவன் சொன்ன மூன்று காரணங்களிலும் பொய்யில்லை. ஆனாலும் அவன் தகனபலியிட்டு முடிக்கும்போதே சாமுவேல் வந்துவிட்டான். சவுல் கொல்லத் தேடிய தாவீதுக்கோ, கெபிக்குள்ளே அதே சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். "கர்த்தர் சொன்ன நாள் இதுதான்" என்று கூட இருந்தவர்களும் சொன்னார்கள். தாவீது சவுலுடைய சால்வையின் தொங்கலை மாத்திரம் அறுத்தான், அதற்கே அவன் மனம் அடித்துக்கொண்டது. ஒரு கதவு திறக்கும்போது இந்த இரண்டு அதிகாரங்களையும் வைத்துச் சோதியுங்கள்: உள்ளே போக, தேவன் ஏற்கனவே வேண்டாம் என்ற ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அது அவர் திறந்த கதவல்ல.

ஆனால், காத்திருப்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று யாரும் போதிக்க வேண்டாம். 1 சாமுவேல் 19:10இல் தாவீது ஈட்டிக்கு விலகி, அன்று இராத்திரியே தப்பி ஓடினான்.

எரேமியா 29:11 பலருக்கும் பிடித்த வாக்குத்தத்தம். அதைத் தனியாக எடுக்காமல் 28ஆம் அதிகாரத்திலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்றவன் அனனியா. அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை. அவர் குறித்தது 70 வருஷம் (29:10). அதற்குள் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றார். உங்கள் மூன்றாம் பத்திக்கு மாதிரி இதுதான்: படிப்பு, சிகிச்சை, விண்ணப்பம், வீட்டுக் கடமை எதையும் "பதில் வரட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். யாராவது உங்களுக்குத் தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொன்னால், அனனியாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனம் கொதிக்கும் நாளில் சங்கீதம் 13ஐச் சத்தமாக ஜெபியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவாதீர்கள். உங்களுடைய "எதுவரைக்கும்"களை வாய்விட்டுச் சொன்ன பிறகு அங்கே வாருங்கள். முறையிடுவது அவிசுவாசம் என்று நினைத்து அடக்கிவைக்கிறவர்கள், சில மாதங்களில் ஜெபிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை நோட்டைத் திறந்து இரண்டாம் பத்தியை மட்டும் வாசியுங்கள். விட்டுவிட முடிந்ததை அடித்துவிடுங்கள், முடியாததை அப்படியே ஜெபமாக்குங்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான் (2 கொரிந்தியர் 12:7-9). முள் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அப்படி ஒரு பதில் உங்களுக்கும் வந்தால், அதை முதல் பத்தியில் தேதி போட்டு எழுதுங்கள்.