ஒசாகாவில் நான்கு நாள்: சாப்பிடப் போய் ரயிலில் உட்கார்ந்துவிட்டு வந்த கதை

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி தன் ஒசாகா பயணத் திட்டத்தை எக்செல் தாளில் போட்டு அனுப்பியிருந்தான். அவனும் மனைவியும், நான்கு நாள். "சாப்பாடுதாண்ணா முக்கியம், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான். திறந்து பார்த்தால், நான் முதல் தடவை போனபோது செய்த அதே கூத்துகள், வரிசைகூட மாறாமல். நான் நோட்டில் எழுதினேன், அவன் மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கப்புறம் வேலை நிமித்தம் ஐந்தாறு முறை அந்த ஊருக்குப் போய்விட்டேன். குடை எடுத்துக்கொள்ளுங்கள், நடக்கத் தோதான செருப்பு போடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கே தெரியும்.

## ஏழு நாள் ரயில் பாஸ்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

ஜப்பான் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் சொன்ன முதல் வார்த்தை "ஜேஆர் பாஸ் வாங்கிட்டியா?" என்பது. ஜேஆர் என்றால் ஜப்பான் ரயில்வே; அதன் ரயில்களில் இத்தனை நாளைக்கு இஷ்டம்போல ஏறி இறங்கலாம் என்பதுதான் பாஸ். டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜெண்டும் "எல்லாரும் வாங்குறாங்க சார்" என்றார். எல்லாரும் வாங்குகிற பொருளை நாம் மட்டும் விட்டால் எப்படி? வாங்கினேன். அவர்கள் எல்லாம் போய்வந்த காலத்தில் அந்த ஏழு நாள் பாஸ் 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆகிவிட்டது. நான் போனது 2024இல். நம் காசுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கம். பழைய விலைக்குச் சொன்ன யோசனையைப் புதிய விலைக்கு வாங்கிக்கொண்டேன்.

காசு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாஸ் கையில் வந்ததும் மனிதனுக்குப் புத்தி எப்படி மாறுகிறது என்பதுதான் கொடுமை. போட்ட காசை எடுத்தாக வேண்டும் என்று ஒரு வெறி. இரண்டாம் நாள் காலையில் ஒசாகாவில் சந்தை சுற்றலாம் என்றிருந்தவன், ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயில் ஏறி ஹிரோஷிமா போனேன். அந்த ஊரை அப்படி அரை நாளில் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. போனேன், திரும்பினேன். மூன்றாம் நாள் ஹிமேஜி. நான்காம் நாள் கியோட்டோ. இரவுச் சாப்பாடு இரண்டு நாள் ரயில் நிலையத்துப் பெட்டிச் சோறு. அதுவும் ஆறிப்போனது.

ஒசாகாவைப் பற்றிச் சொல்லும்போது ஜப்பான்காரர்கள் 'குயிதாவோரே' என்பார்கள். தின்றே ஓட்டாண்டியாவது என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் நான் மொத்தம் ஒரே ஒரு ஒகோனோமியாகி சாப்பிட்டேன். முட்டைக்கோஸ் போட்ட மாவை இரும்புக் கல்லில் தடிமனாக வார்த்துச் சுடுவது. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் வந்த மாதிரி.

ஊருக்குள் நடந்தது இதைவிட வேடிக்கை. ஒசாகாவின் முதுகெலும்பு மெட்ரோவின் மிடோசுஜி தடம். சிவப்பு நிறம். ஷின்-ஒசாகா, உமேதா, ஷின்சாய்பாஷி, நம்பா, டென்னோஜி என்று நமக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கோத்துவிடும். அது ஜேஆர் இல்லை, பாஸ் செல்லாது. நம்பாவிலிருந்து உமேதா போக மெட்ரோவில் 240 யென், பத்து நிமிஷம்கூட ஆகாது. நான் என்ன செய்தேன்? பாஸ் இருக்கிறதே என்று ஜேஆர் நம்பா நிலையத்தைத் தேடி நடந்து, ஷின்-இமாமியாவில் மாறி, வட்டத் தடத்தில் சுற்றிக்கொண்டு போனேன். 240 யென் மிச்சம். மனைவி அன்று என்னோடு பேசவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விமான நிலைய ரயிலையும் சேர்த்து, தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் 30,000 யென் சொச்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அந்த வேண்டாத ஹிரோஷிமாவுக்கே. அதை எடுத்துவிட்டால் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் வருகிறது. ஐம்பதாயிரம் கொடுத்திருக்கிறேன்!

நான்கு நாள் பயணத்துக்கு இந்த விலைகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஒசாகாவிலிருந்து கியோட்டோ ஜேஆரில் 600 யெனுக்குள், அரை மணி நேரம். ஹான்கியூ என்கிற தனியார் ரயிலில் இன்னும் மலிவு, 400 யென் அளவில்தான், இறங்கும் கவாராமாச்சி நிலையத்திலிருந்து நிஷிகி சந்தை நடை தூரம். நாராவுக்கு ஒசாகா-நம்பாவிலிருந்து கின்டெட்சு என்கிற இன்னொரு தனியார் ரயில், 700 யெனுக்குள், முக்கால் மணி நேரத்துக்குள். நாராவில் அது போய் நிற்கும் நிலையம்தான் மான்கள் திரியும் பூங்காவுக்குக் கிட்டம். ஜேஆர் நாராவில் இறங்கினால் கூடுதலாக நடக்க வேண்டும். பாஸ் வைத்திருப்பவன் அங்கேதான் இறங்குவான். டோக்கியோவிலிருந்து ஷின்கான்செனில் ஒசாகா போய்த் திரும்பினால்கூட 30,000 யெனுக்குள் முடிந்துவிடும். அப்புறம் எதற்கு ஐம்பதாயிரம்?

இகோக்கா அட்டை ஒன்று வாங்கி அதில் சில ஆயிரம் யென் ஏற்றிக்கொள்ளுங்கள். மெட்ரோ, ஜேஆர், தனியார் ரயில், கடையில் தண்ணீர் பாட்டில், எல்லாவற்றுக்கும் அதைத் தட்டினால் சரி.

தம்பியின் தாளிலும் இரண்டாம் நாளுக்கு நேரே ஹிரோஷிமா. ஏன் என்று கேட்டேன். "பாஸ் எடுக்கப்போறேன்ல அண்ணா, காசு வசூல் ஆகணும்ல?" எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

## கறி இல்லை என்றால் சைவம் என்று நினைப்பது

தம்பியின் மனைவி சைவம். தாளில் அவளுக்காகக் கிட்சுனே ஊடோன் என்று போட்டிருந்தான். ஒசாகாவிலேயே பிறந்த பண்டம், தடித்த நூடுல்ஸ் மேல் இனிப்பாக வேகவைத்த டோஃபு வறுவல். பார்க்கச் சைவம்தான். ஆனால் அந்தச் சாறு தாஷி. கடற்பாசியோடு கட்சுவோபுஷியும் போட்டு எடுப்பது. கட்சுவோபுஷி என்பது சூரை மீனைப் புகைபோட்டுக் கல்லாகக் காயவைத்துச் சீவுவது, நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மிசோ சூப்பிலும் பெரும்பாலும் அது இருக்கும், ஒகோனோமியாகி மாவிலும் இருக்கும். "மீட் இல்லையே?" என்று கேட்டால் கடைக்காரர் மனதாரத் தலையாட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு. தாஷி இருக்கிறதா என்று கேளுங்கள். கண்டிப்பான சைவம் என்றால் வீகன் கடைகளை முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் வழி.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இன்னொன்று. 'நிக்கு' என்றால் பொதுவாக இறைச்சி. ஆனால் ஒசாகாப் பக்கம் சும்மா நிக்கு என்றாலே மாடுதான். மற்ற ஊர்களில் 'நிக்குமான்' என்கிற பன்றி இறைச்சிக் கொழுக்கட்டைக்கு இங்கே 'புதாமான்' என்று பெயர், புதா என்றால் பன்றி. நிக்கு ஊடோன் என்று பார்த்தால் மாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## யூனிவர்சல் ஸ்டுடியோஸ்

முழு நாள் போய்விடும். நான்கில் ஒன்று. பிள்ளைகள் இருந்தால் போங்கள்.

## மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு

சின்னக் கடைகள் பலவும் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிட்டுச் சாயங்காலம் ஐந்துக்குமேல்தான் திறக்கும். இரவிலும் கடைசி ஆர்டர் என்று ஒன்று உண்டு, அது மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால். கூகுளில் பத்து மணி வரை என்று போட்டிருப்பதை நம்பி ஒன்பதே முக்காலுக்குப் போனால் வாசலில் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். வார விடுமுறையும் கடைக்குக் கடை வேறு. குரோமோன் சந்தைக்கு இரவில் போகலாம் என்று வைத்திருந்தால் அதை முற்பகலுக்கு மாற்றுங்கள், சாயங்காலமே ஷட்டர் இறங்கிவிடும்.

## எல்லா வேளையும் டோட்டோன்போரியில்

நம்பா பக்கத்துக் கால்வாய் ஓரத் தெரு அது. ஓடிவரும் கிளிகோ மிட்டாய் கம்பெனி மனிதரின் விளக்குப் பலகையோடு படம் எடுங்கள், கால்வாய் ஓரம் தகோயாகி தின்னுங்கள், ஆக்டோபஸ் துண்டு வைத்த பணியாரம் மாதிரி இருக்கும். அங்கேயே உட்கார்ந்து மூன்று வேளையும் தின்றால் கூட்டத்துக்கும் வாடகைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். இரண்டு நிமிஷம் உள்ளே நடந்தால் ஹோசென்ஜி சந்து. அங்கே பாசி மூடிய ஃபுதோ என்கிற பௌத்த தெய்வத்தின் சிலைமேல் தண்ணீர் விட்டு வேண்டிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு தெரு தள்ளி இவ்வளவு அமைதியா என்று இருக்கும். குஷிகாட்சு, அதாவது குச்சியில் செருகிப் பொரித்தது, சாப்பிட ஷின்சேகாய் என்கிற பேட்டைக்குப் போங்கள். சாஸ் பொதுப் பாத்திரத்தில் இருந்தால் ஒரு தடவைதான் முக்க வேண்டும், கடித்த குச்சியை மறுபடி விடக் கூடாது. நம் எச்சில் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஒகோனோமியாகியைக் கரண்டியால் அழுத்தாதீர்கள். தோசைக்கல் பழக்கத்தில் கை போகும். அழுத்தினால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய் அடையாகிவிடும்.

## கேட்காத தட்டைத் திருப்பி அனுப்புவது

இசகாயா என்கிற, குடித்துக்கொண்டே சாப்பிடும் கடையில் உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணம் வரும். ஒதோஷி. இலவசமில்லை, ஆளுக்கு 300, 400 யென் பில்லில் ஏறும். ஏமாற்று இல்லை, வழக்கம்.

## கோட்டைக்குள் ஏறுவது

ஒசாகா கோட்டைக் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட் உண்டு. ஏறினால் அருங்காட்சியகம்தான், பழைய மாளிகை இல்லை. அகழியையும் அந்த ராட்சதக் கற்களையும் வெளியே நின்று பாருங்கள். பழைய மரக் கோட்டைதான் வேண்டும் என்றால் ஹிமேஜி. அதற்கும் பாஸ் தேவையில்லை.

## "உமேதாவில் சந்திப்போம்"

ஒசாகா, உமேதா, ஒசாகா-உமேதா, ஹிகாஷி-உமேதா, நிஷி-உமேதா. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், வேறு வேறு நிலையங்கள். வாசல் எண்ணையும் சொல்லுங்கள்.

## டிசம்பர் 31

கடைகள் பலவும் மூடியிருக்கும். வேறு தேதி பாருங்கள்.

தம்பி நேற்று தாளைத் திருத்தி அனுப்பியிருந்தான். ஹிரோஷிமா இல்லை. அந்தக் கட்டத்தில் "காலை குரோமோன், மதியம் தூக்கம், இரவு இரண்டாவது ஒகோனோமியாகி" என்று போட்டு, மறுபடியும் மஞ்சள் அடித்திருக்கிறான்.