வெள்ளெழுத்து: இன்ச் டேப்பும் செய்தித்தாளும் வைத்து உங்கள் பவரைக் கணக்கிடுவது எப்படி?

ஊசியில் நூல் கோக்க வாசல் வெளிச்சத்துக்குப் போகிறீர்களா? மாத்திரை அட்டையைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தால்தான் காலாவதித் தேதி தெரிகிறதா? நாற்பதைத் தாண்டியவருக்கு அது பெரும்பாலும் வெள்ளெழுத்துதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வருஷத்துக்கு வருஷம் கெட்டிப்பட்டு, கிட்டப் பார்க்கும்போது முன்போலக் குவிய மறுக்கிறது. கேரட் சாப்பிட்டாலும் கண் பயிற்சி செய்தாலும் அந்த லென்ஸ் மறுபடி இளகாது.

ரெடிமேட் கண்ணாடி விற்பவர் வயதைக் கேட்டுப் பவர் எடுத்துக் கொடுப்பார். அது தோராயம். நீங்கள் எந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதும் சேர்ந்துதான் பவர். அதனால் முதலில் அளந்துவிடுவோம்.

படி 1. தூரப் பார்வைக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். அழுத்தினால் பிறகு அந்தக் கண் மங்கும். செய்தித்தாளின் பொடி எழுத்தைக் கைநீளத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள் வரை சென்டிமீட்டரில் அளக்கவும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள், பிறகு அடுத்த கண். வெயிலில் செய்ய வேண்டாம். பாவை (கண்ணின் நடுவில் உள்ள கருந்துளை) சுருங்கி, உள்ளதைவிடத் தெளிவாகக் காட்டிவிடும். கைநீளத்திலேயே கலங்கினால் இந்தக் கணக்கு உதவாது, நேராகப் பரிசோதனைக்குப் போங்கள்.

படி 2. 100ஐ அந்த அளவால் வகுங்கள். 50 செ.மீ. வந்தால் 2 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு). அது கிட்டப் பார்க்கக் கண் குவியும் முழுச் சக்தி. அதில் பாதியைத்தான் களைப்பில்லாமல் நாள் முழுக்கச் செலவழிக்க முடியும், அதாவது 1. புத்தகத்தை 40 செ.மீ. தூரத்தில் வைத்துப் படிக்க 100 ÷ 40 = 2.50 வேண்டும். 2.50 − 1 = 1.50. தூரத்துக்குப் பவர் இல்லாவிட்டால் உங்கள் பவர் +1.50.

அதே கண்ணுக்கு, 65 செ.மீ. தள்ளியிருக்கும் கம்ப்யூட்டருக்கு +0.50 போதும். இதைக் கவனிக்காமல், +2.00, +2.50 போன்ற படிக்கும் கண்ணாடியோடு திரை முன் உட்காருபவர்கள் எழுத்தைத் தேடி முன்னே குனிந்துகொண்டே போவார்கள். கழுத்துவலி அதில் தொடங்கும்.

படி 3. வாங்கிய ரெடிமேட் கண்ணாடியைச் சோதியுங்கள். அறை விளக்கை அணைத்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே ஒரு லென்ஸைப் பிடியுங்கள். வெளியே தூரத்தில் தெரியும் மாடியோ மரமோ சுவரில் தலைகீழாக விழும். படம் கூர்மையாகும்வரை முன்பின் நகர்த்தி, லென்ஸிலிருந்து சுவர் வரை அளக்கவும். +2.00 என்றால் 50 செ.மீ., +1.50 என்றால் ஏறக்குறைய 67. இரண்டு லென்ஸுக்கும் ஒரே அளவு வரவேண்டும். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூரியனை வைத்துச் சோதிக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

இரு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தாலோ சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டும் தேவைப்படும் பவர்) இருந்தாலோ ரெடிமேட் ஒத்துவராது. கண் பரிசோதனைச் சீட்டில் ‘ஆட்’ என்று எழுதியிருப்பது, படி 2இல் தூரக் கண்ணாடியோடு கணக்கிட்டதுபோல, தூரப் பவரோடு கூட்டவேண்டிய எண். தூரத்துக்கு −1.00, ஆட் +2.00 என்றால் படிக்க வேண்டியது +1.00. +2.00 அல்ல. கடையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஆட் அதேயாக, தூரத்துக்கு −2.00 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினாலே போதும்.

பைஃபோகலில் (மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் இரண்டு பவர் உள்ள கண்ணாடி) கீழ்த்துண்டின் மேல்விளிம்பு கீழிமையை ஒட்டி நிற்கவேண்டும். கோடில்லாமல் பவர் மேலிருந்து கீழே மெல்ல மாறும் புரோகிரசிவ் என்றால், பிரேமை உங்கள் முகத்தில் மாட்டி, பாவையின் நடுவில் பேனாவால் புள்ளி வைக்கிறார்களா என்று பாருங்கள். வைக்காத கடையில் வாங்காதீர்கள். சில மில்லிமீட்டர் தவறினாலும் படிக்கும் பகுதி கண்ணுக்கு எட்டாது. பக்கவாட்டில் கலங்குவது அதன் இயல்பு, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகவேண்டும். படி இறங்கும்போது தாடையைத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் பாருங்கள். கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகி, கால் தவறும்.

வெறும் படிக்கும் கண்ணாடிதானே என்று நினைக்காதீர்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டிய தொழிலாளிகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் கொழுந்து பறிப்பு, கொடுக்கப்படாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பூ தொடுப்பவருக்கும் தையல்காரருக்கும் கண்தான் கூலி.

சர்க்கரை ஏறியிருக்கும்போது பவர் பார்க்காதீர்கள். லென்ஸ் உப்பி, எண் மாறும். சர்க்கரை அடங்கிச் சில வாரம் கழித்துப் பாருங்கள். நாற்பதுக்குமேல் எல்லோரும் கண் அழுத்தமும் பார்த்துவிட வேண்டும், டேப்பால் அது தெரியாது. அறுபது தாண்டியவருக்குத் திடீரென்று கண்ணாடியே இல்லாமல் படிக்க முடிந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பல நேரம் அது கண்புரையின் தொடக்கம்.