கேமலாட் எண் பொருந்தியும் சுருதி மோதியது ஏன்?

பாடல்களின் கீயை, அதாவது அவை அமைந்த சுரத்தொகுதியை, டிஜேக்களுக்காக எண்ணிட்டுக் கடிகார முகம்போல் அடுக்கிய கேமலாட் சக்கரத்தில் 8ஏ, 9ஏ என்று அடுத்தடுத்து நிற்கும் ஏ மைனர், ஈ மைனர் பாடல்கள் இரண்டும் ஒன்றோடொன்று இழைய வேண்டும். ஆனால் என் டிஜே கலவையில் இரண்டாவது பாடலின் பேஸ் (தாழ்சுர ஒலி) நுழைந்த கணமே காது கூசியது. மென்பொருள் கீயைத் தவறாகக் கணித்திருக்கலாம் என்று ஐயுற்று, இரண்டின் ஆதார சுருதியையும் கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன்; எண்கள் சரியாகவே இருந்தன.

காரணம் வேகத்தில் இருந்தது. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தாளத் தட்டுகள்) வேகத்தில் இருந்த முதல் பாடலை, அடுத்ததற்கு ஈடாக 127க்கு ஏற்றியிருந்தேன். அது ஏறத்தாழ 6 சதவீதம். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் நிறுத்தும் கீ லாக் வசதி அணைந்திருக்கையில் அவ்வளவு ஏற்றம் சுருதியையும் அரைச் சுரம் உயர்த்திவிடும் என்பதால், ஏ மைனர் பி ஃபிளாட் மைனராகி, அதாவது 3ஏ ஆகி, சக்கரத்தில் 9ஏவுக்கு நேர் எதிரே போய் நின்றது.

கீ லாக்கை இயக்கியதும் மோதல் நீங்கியது. எனினும், குரல் மிகுந்த பாடல்களில் அது ஒலியைச் சற்றே சிதைப்பது எனக்கு உவப்பானதன்று. அங்கெல்லாம் லாக்கை அணைத்துவிட்டு, உயர்ந்த சுருதிக்கு ஒத்த 2ஏ, 4ஏ, 3பி (எண்ணோடு வரும் ஏ மைனரையும் பி மேஜரையும் குறிக்கும்) ஆகியவற்றில் 127ஐ ஒட்டிய பாடலொன்றை அடுத்ததாக எடுக்கிறேன். வேக மாற்றம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் இவ்வளவு கவலை வேண்டியதில்லை.