தென்கிழக்காசியாவில் எங்கே போவது? கொழும்பிலிருந்து புறப்படும் குடும்பங்களுக்கு

தென்கிழக்காசியாவுக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நாட்டைத் தீர்மானிக்கிறார்கள், பிறகு மலிவான டிக்கெட் தேடுகிறார்கள். அங்கே அப்போது மழையா வெயிலா என்று பார்ப்பது கடைசியில்தான். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள். பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் நீண்ட லீவு கிடைப்பது பெரும்பாலும் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில்தான். மாதத்தை நீங்கள் தெரிவு செய்ய முடியாது. ஆகவே அந்த மாதத்துக்கு எந்த ஊர் பொருந்துகிறது என்று தேடுவதுதான் வேலை.

முதலில் கரை

கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் வெவ்வேறு மாதங்களில் நனையும் என்பதை விளங்கிக்கொள்ள இலங்கையரைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஜூலையில் ஹிக்கடுவவில் கடல் கொந்தளிக்கும்போது நிலாவெளியில் பிள்ளைகளை இறக்கிக் குளிக்க விடலாம். தாய்லாந்தும் மலேசியத் தீபகற்பமும் அதே கணக்கில்தான் இயங்குகின்றன. மேற்குப் பக்கத்திலுள்ள புக்கெட், கிராபி ஆகியவற்றுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சியில் அலை உயர்ந்து கரையில் சிவப்புக் கொடி பறக்கும். சிமிலன் தீவுகளின் தேசிய பூங்காவை மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடியே விடுகிறார்கள். லங்காவியும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். கிழக்குப் பக்கத்தில் கோ சமூயில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நவம்பரில் உச்சம். மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் பூட்டிக் கிடக்கும், படகும் ஒழுங்காக ஓடாது.

பாலியும் ஜாவாவும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மே முதல் செப்டெம்பர் வரை வறண்ட காலம். வியட்நாமை ஒரே காலநிலை கொண்ட நாடாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள். டிசம்பரில் தெற்கே சைகோனில் (ஹோ சி மின் நகரம்) வெயில், வடக்கே ஹனோயில் ஸ்வெட்டர் போடும் குளிரும் தூறலும். நடுப்பகுதியான ஹோய் ஆனில் ஒக்டோபர், நவம்பரில் வீதிகளில் வெள்ளம் ஏறுவது வழமை.

ஏப்ரலில் கவனம்

அதிகம் பேர் சிக்குவது ஏப்ரலில்தான். நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் அதே நாட்களில் தாய்லாந்தில் சொங்க்ரான் (ஏப்ரல் 13 முதல் 15 வரை), கம்போடியாவிலும் லாவோசிலும் அவர்களுடைய புத்தாண்டு. பாங்கொக்கில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஊருக்குப் போவதால் ரயில், பஸ் ஆசனங்கள் கிழமைக்கணக்கில் முன்னரே தீர்ந்துவிடும். சிறு கடைகள் பல பூட்டியிருக்கும். வீதியில் நடந்தால் தண்ணீர் வாளியோடு நிற்பவர்களிடமிருந்து தப்ப முடியாது. அதற்காகவே போகிறீர்கள் என்றால் மிக நல்லது, தொலைபேசியை நீர்புகாத உறையில் போடுங்கள். கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் என்றால் வேண்டாம். தாய்லாந்தின் வடக்கிலுள்ள சியாங் மாயை ஏப்ரலில் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரிவதால் மலைகளைக்கூடப் பார்க்க முடியாத அளவுக்குப் புகை சூழும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது விளையாட்டல்ல.

அப்படியானால் ஏப்ரலில் எங்கே? எங்கள் தெரிவு வியட்நாமின் நடுப்பகுதி. டா நாங்கில் இறங்கினால் ஹோய் ஆன் சுமார் 30 கிலோமீட்டர். மழை குறைவு, கடல் குளிக்கத் தகுந்தது. பழைய நகரம் நடந்தே பார்க்கக்கூடியது, அங்கே முன்பு ஆண்ட சாம் இன மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய மீ சோன் கோயில்கள் சுமார் 40 கிலோமீட்டரில். பழைய நகரும் மீ சோனும் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. ஆனால் ஏப்ரல் 30, மே 1 வியட்நாமின் தேசிய விடுமுறை. அந்தக் கிழமைக்கு முன் திரும்பிவிடுங்கள். சிங்கப்பூர், பினாங்கு ஆகியவையும் ஏப்ரலில் பிரச்சினையில்லாதவை.

ஓகஸ்டுக்குப் பாலி, ஜாவா, கோ சமூய், பெர்ஹெந்தியான். பாலியில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் என்பதால் ஜாவாவிலுள்ள யோக்யகர்த்தாவை யோசிக்கலாம்: ஒன்பதாம் நூற்றாண்டின் பிரம்பானான் சிவன் கோயிலும் போரோபுதூர் பௌத்த தூபியும் ஒரே ஊரில் தங்கிப் பார்க்கக்கூடியவை. போரோபுதூரில் மேலே ஏறுவதற்குத் தனி டிக்கெட், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாடும் உண்டு. ஒன்லைனில் முன்கூட்டியே வாங்காதவர்கள் கீழே நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சுமாத்திராவில் காடுகள் எரியும் ஆண்டுகளில் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை புகைமூட்டம் சிங்கப்பூர் வரை வரும். 2015, 2019 அப்படிப்பட்ட ஆண்டுகள்.

டிசம்பரில் புக்கெட், கிராபி, சியாங் மாய், சியெம் ரீப், சைகோன் எல்லாமே நன்றாக இருக்கும், பாலி மழையில் நனையும். நத்தார் முதல் புத்தாண்டு வரை கடற்கரை ஹோட்டல் பலவற்றில் இரவு விருந்துக்கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். அது முன்பதிவுப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் கிடக்கும்.

பிறகு வீசா

இரண்டாவது வடிகட்டி இலங்கைக் கடவுச்சீட்டு. சிங்கப்பூருக்குக் குறுகிய பயணத்துக்கு வீசா தேவையில்லை. தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் வீசா விலக்குப் பட்டியலில் இலங்கையைச் சேர்த்தது. மலேசியாவுக்கு முன்கூட்டியே இணைய வீசா எடுக்க வேண்டும். வியட்நாம் 2023 ஓகஸ்டிலிருந்து எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான இணைய வீசா தருகிறது: ஒருமுறை நுழைய 25 டொலர், பலமுறை நுழைய 50. இவை அடிக்கடி மாறும் விதிகள், காசு கட்டுமுன் அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள்.

வீசாவில் நடக்கும் வழமையான தவறு இது. சைகோனில் இறங்கி, சியெம் ரீப் போய், மீண்டும் சைகோன் வழியாகத் திரும்பத் திட்டம். ஆனால் எடுத்திருப்பதோ 25 டொலர் வீசா. கம்போடியாவுக்குப் புறப்பட்ட நிமிடமே அது முடிந்துவிடும். இன்னொன்று, கோலாலம்பூர் வழியாக இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்குவது. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமானால் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு மலேசிய வீசா வேண்டும். அது இல்லாதவரைக் கட்டுநாயக்கவிலேயே ஏற்றமாட்டார்கள். பாங்கொக்கிலும் இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமியில் இறங்கி டொன் முவாங்கில் ஏறுவதென்றால் இடையில் ஐந்து மணித்தியாலமாவது விடுங்கள்.

நாட்களைக் கழித்துப் பார்த்தல்

வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் தெரியும். ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், 30 மணித்தியாலத்துக்கு மேல். பாங்கொக்கிலிருந்து சியாங் மாய் சுமார் 700 கிலோமீட்டர். ஒரு மணித்தியால உள்நாட்டு விமானம் என்றாலும் அறையைக் காலி செய்வதிலிருந்து அடுத்த அறையில் பெட்டியை வைப்பது வரை ஆறு மணித்தியாலம் போய்விடும். ஏழு இரவுக்கு இரண்டு தங்குமிடம் போதும், நான்கும் மூன்றுமாக. பத்து இரவுக்கு மூன்று. 'எட்டு நாளில் மூன்று நாடு' என்று பயண முகவர் நீட்டும் திட்டத்தில் எத்தனை மணித்தியாலம் பஸ்ஸில் போகிறது என்று கூட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு பேரம் பேசலாம்.

சியெம் ரீப் ஒரே ஊர் போதும் என்று சொல்லத்தக்க இடம். அங்குள்ள அங்கோர் கோயில் வளாகத்துக்கு ஒரு நாள் அனுமதி 37 டொலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் அனுமதியைப் பத்து நாட்களுக்குள் எப்போதும் பயன்படுத்தலாம் என்பதால் நடுவில் ஓய்வு நாள் வைத்து அதையே எடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்காகக் கட்டப்பட்ட அங்கோர் வாட்டை அவசரத்தில் பார்ப்பது வீண். அதிகாலை ஐந்து முதல் பத்து வரை ஒரு சுற்று, மாலையில் இன்னொன்று, நடுப்பகலில் அறை. தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாமல் மேல்தளத்துக்கு விடமாட்டார்கள்.

வயதானவர்கள் கூட வந்தால் படிகளை எண்ணுங்கள். பத்துமலையில் 272, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 500க்கும் மேல். முழங்கால் நோவுள்ள அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்குச் சிங்கப்பூர் இலகு, எல்லா மெட்ரோ நிலையத்திலும் லிப்ட் உண்டு.

சாப்பாடு பலர் கடைசியில் யோசிப்பது, ஆனால் மூன்றாம் நாள் பயணத்தையே கெடுப்பது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் தாய்லாந்திலும் வியட்நாமிலும் மீன் சோஸ் ஊற்றிய கீரை வரும், மலேசியாவில் இறால் விழுது சேர்த்த கங்குங். தாய்லாந்தில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்றும், வியட்நாமில் 'சாய்' என்றும் போட்ட கடைகளைத் தேடுங்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், பினாங்கின் லிட்டில் இந்தியா, சிங்கப்பூரின் சிராங்கூன் வீதி ஆகிய இடங்களில் வாழையிலைச் சோறே கிடைக்கும். ஹலால் தேடுபவர்களுக்கு மலேசியா, ஜாவா, தாய்லாந்தின் தெற்கு ஆகியவை சிரமமில்லாதவை. பாலியில் இந்துக்களே பெரும்பான்மை, பன்றியிறைச்சி சாதாரணம், ஆகவே கடையைக் கேட்டு நுழையுங்கள்.

ஊர் முடிவான பின் வரிசை இப்படி: இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய ஹோட்டல், வீசா, விமானம், அதன் பிறகு உள்ளூர்ப் பயணம். டிக்கெட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். முதலெழுத்தை மட்டும் போட்டுத் தகப்பன் பெயரைச் சுருக்குவது விமான நிலையத்தில் தகராறாகும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். தாய்லாந்து ஏடிஎம் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும், எனவே ஒரேயடியாக எடுங்கள். கம்போடியாவுக்குக் கிழியாத, கறைபடாத டொலர் தாள்களே கொண்டு போங்கள், கிழிந்த தாள்களை வாங்கமாட்டார்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணைய வருகைப் படிவம் கேட்கின்றன. மூன்றுமே இலவசம், காசு கேட்கும் பக்கம் திறந்தால் அரசாங்கத் தளம் அல்ல, மூடிவிட்டுச் சரியான முகவரியைத் தேடுங்கள்.