கைக்குழந்தைக்கு நெஞ்சு சளி: சத்தத்தைக் கேட்காதீர்கள், சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

என் தங்கையின் நான்கு மாத மகனுக்குச் சளி. மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல் இறங்கியதும், சிங்கப்பூர் செங்காங் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகப் படுத்துவிட்டோம். முதல் தவறு அதுதான். டாக்டர்கள் பிராங்கியோலைட்டிஸ் என்று சொல்லும் இந்த நோய், பெரும்பாலும் 3 முதல் 5 நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். ஆர்எஸ்வி போன்ற வைரஸ் கிருமிகள் நுரையீரலின் மிகச் சிறிய குழாய்களை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடும். நமக்கு வெறும் மூக்கொழுகல். பிள்ளைக்கு மூச்சுத் திணறல்.

கர்கர் சத்தத்தை வைத்து நோயை எடை போடாதீர்கள். பாதி நேரம் அது மூக்குச் சளிதான். விளக்கைப் போட்டு, சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவே குழி விழுகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது. அப்படிக் குழி விழுந்தாலோ, மூக்கு விரிந்தாலோ, மூச்சு 60ஐத் தாண்டினாலோ, வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டாலோ, 12 மணி நேரமாகப் பேம்பர்ஸ் நனையாவிட்டாலோ, அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ நீலம் பாரித்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995. நம் பிள்ளைகளின் நிறத்தில் நீலம் சட்டெனத் தெரியாது; நாக்கையும் ஈறையும் பாருங்கள்.

குறைமாதப் பிள்ளை, மூன்று மாதத்துக்கு உட்பட்டது, இதயக் கோளாறு உள்ளது என்றால் இவ்வளவு தூரம் காத்திருக்கவே கூடாது. இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளைக்குப் பெரிய இருமல் இல்லாமலே மூச்சு நின்றுபோகலாம்.

பாட்டி வைத்தியத்துக்கு வருகிறேன், திட்டாதீர்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சாம்பிராணிப் புகை வீங்கிய குழாயை இன்னும் எரிச்சலூட்டும். கற்பூரத் தைலம் இரண்டு வயதுக்குள் வேண்டாம், தேன் ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு நாங்கள் செய்த தவறு, "ஆன்டிபயாடிக் கொடுக்கலையா, டாக்டர்?" என்று நச்சரித்தது. வைரஸுக்கு அது வேலை செய்யாது. நெபுலைசரும் ஸ்டீராய்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் பயன் தருவதில்லை. ஆக்சிஜன், சளியை உறிஞ்சி எடுப்பது, மூக்குக் குழாய் வழியே பால், இவைதான் சிகிச்சை. அந்தக் குழாயைப் பார்த்ததும் தங்கை அழுதாள். மூச்சுக்கே போராடும் பிள்ளைக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பு இருக்காது, அதற்குத்தான் அது என்று தாதி சொன்ன பிறகே அடங்கினாள்.

வீடு திரும்பியும் இரண்டு வாரம் இருமினான். அது வழக்கந்தான். சாம்பிராணிக் கரண்டியைத் தங்கை ஸ்டோர் ரூமில் ஒளித்துவைத்திருக்கிறாள். அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.