சர்வோ நடுங்குதா? முதல்ல கெப்பாசிட்டரைப் பாருங்கோ

சர்வோ, அதுதான் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிக்கிற சின்ன மோட்டர், சும்மா நிக்கேக்கையே நடுங்குதெண்டா உடனே புரோகிராமை நோண்டாதேங்கோ. மல்டிமீட்டரை சர்வோ வயரிலயே பிடிச்சுக்கொண்டு மோட்டரை ஓட விடுங்கோ, 5 வோல்ட் 4.8க்குக் கீழ இறங்கினா சப்ளையிலதான் பிழை, ஆனா மீட்டர் மெதுவானது, சட்டெண்டு விழுந்து எழும்புற சரிவைக் காட்டாது.

அதால சர்வோவுக்குக் கிட்டயே 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்சம் சேத்து வைக்கிற சாமான்) ஒண்டு போட்டுப் பாருங்கோ, கோடு போட்ட கால் நெகடிவ், மாத்திப் போட்டா வெடிக்கும். அப்பவும் நடுங்கினா அடாப்டருக்குள்ள கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கலாம், சிலது உப்பாமலே செத்திருக்கும். 230 வோல்ட் அடாப்டரைக் கழட்டின கையோட திறக்காதேங்கோ, உள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பழக்கமில்லாட்டி புதுசு வாங்குறதுதான் புத்தி.

திருகோணமலை உப்புக்காத்துக்கு கனெக்டரும் பச்சை பிடிக்கும், அதையும் ஒருக்கா சுரண்டிப் பாருங்கோ.