உயரமான ஊர்ல நிரந்தரமா தங்கப் போறீங்களா? மூளையோட ரத்தக் குழாய்க்கு எப்படி டைம் கொடுக்கணும்னு பாருங்க

"ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க, உடம்பு செட் ஆயிடும்"னு எல்லாரும் சொல்லுவாங்க. நாலு நாள் சுத்திப் பாத்துட்டு திரும்பறவங்களுக்கு அது ஓரளவு சரி. வேலை, படிப்பு, ஆர்மி போஸ்டிங்னு மாசக்கணக்குல 3,000 மீட்டருக்கு மேல தங்கப் போறவங்களுக்கு அது பத்தவே பத்தாது. தலைவலி நின்னதும் மூளை பழகிடுச்சுன்னு நினைச்சிடுறாங்க, ஆனா அந்த நேரத்துலதான் உள்ள பெரிய வேலையே நடக்க ஆரம்பிக்குது, அது முடிய வாரக்கணக்குல ஆகும்.

முதல்ல விஷயம் என்னன்னா, மலை மேலயும் காத்துல ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான். காத்தழுத்தம்தான் குறையுது, 5,500 மீட்டர்ல கிட்டத்தட்ட பாதியாயிடும். உடம்போட எடையில மூளை வெறும் 2 சதவீதம், ஆனா ஓய்வா இருக்கும்போது உடம்பு செலவு பண்ற ஆக்ஸிஜன்ல சுமார் 20 சதவீதம் அதுக்குத்தான் போகுது, சேத்து வச்சுக்கவும் அதால முடியாது. அதனால ஆக்ஸிஜன் குறைஞ்ச உடனே மூளையோட ரத்தக் குழாய் விரிஞ்சு ரத்தத்தை அதிகமா இழுக்கும். அதே நேரத்துல நாம வேகமா மூச்சு விடுறதால கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், அது குறைஞ்சா இதே குழாய் சுருங்கும். ஒரே குழாயை ஒண்ணு விரிக்குது, இன்னொண்ணு சுருக்குது, முதல் சில நாள் முழுக்க இந்த இழுபறிதான். 1966-ல செவரிங்ஹாஸ்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 3,810 மீட்டர் உயரத்துல அளந்து பாத்தப்போ, போய் சேந்த 6 முதல் 12 மணி நேரத்துல மூளைக்குப் போற ரத்தம் 24 சதவீதம் கூடியிருந்துச்சு, 3 முதல் 5 நாள்ல அது 13 சதவீதமா இறங்கிடுச்சு.

அதனால முதல் வாரத்துக்கான திட்டம் இதுதான். நேரா ஃப்ளைட்ல இறங்காம வழியில 2,000, 2,500 மீட்டர்ல ரெண்டு ராத்திரி தங்க முடிஞ்சா தங்குங்க. 3,000-க்கு மேல போனா தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க, மூணு நாலு நாளுக்கு ஒரு தடவை ஏறாம ஒரு நாள் அதே உயரத்துல இருங்க. பகல்ல கொஞ்சம் மேல போயிட்டு வந்தா பரவால்ல, எங்க தூங்குறீங்கங்கிறதுதான் கணக்கு. நேரா போய் இறங்கித்தான் ஆகணும்னா கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட டயமாக்ஸ்ங்கிற மாத்திரை பத்தி கேளுங்க. வேகமா மூச்சு விடுறதால ரத்தம் காரத்தன்மை பக்கம் போயிடும், உடனே மூளை மூச்சுக்கு பிரேக் போடும், கிட்னி பைகார்பனேட்டை வெளியேத்தி இதை சரி பண்ண சில நாள் எடுக்கும், அந்த வேலையைத்தான் இந்த மாத்திரை சீக்கிரமா நடத்திக் கொடுக்குது. சல்ஃபா அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

ராத்திரியில ஒண்ணு கவனிப்பீங்க. தூக்கத்துல மூச்சு பெருசு பெருசா வரும், அப்புறம் சின்னதாகி கொஞ்ச நேரம் நின்னே போயிடும், திடீர்னு இழுத்து வாங்கி முழிப்பு வரும். பக்கத்துல படுத்திருக்கவங்கதான் பயந்துடுவாங்க. அந்த உயரத்துல இது சகஜம். இதுக்காக தூக்க மாத்திரை போடுறதும், குடிச்சிட்டு படுக்கறதும்தான் ஆபத்து, ரெண்டும் மூச்சை இன்னும் அமுக்கும்.

தலைவலியோட குமட்டல், தலைசுத்தல், அசதி இருந்தா அதுக்கு மேல ஏறாதீங்க. சந்தேகமா இருந்தா தரையில ஒரு நேர்கோடு போட்டு, ஒரு காலோட குதிகால் இன்னொரு காலோட விரலைத் தொடுற மாதிரி பத்து அடி நடக்கச் சொல்லுங்க. கை ரெண்டையும் விரிச்சு தடுமாறினாலோ, கோட்டை விட்டு காலை வெளிய வச்சாலோ, கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாம பதில் சொன்னாலோ அது மூளை வீக்கமா இருக்கலாம். காலையில பாத்துக்கலாம்னு விடவே விடாதீங்க. ஆக்ஸிஜன் கொடுத்து உடனே கீழ இறக்குங்க, தனியா மட்டும் அனுப்பாதீங்க, சில மணி நேரத் தாமதம்கூட உயிரை எடுத்துடும்.

இதெல்லாம் தாண்டிட்டீங்கன்னா அடுத்தது வாரக்கணக்கு வேலை, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான். செல்லுக்குள்ள ஹிஃப்னு ஒரு புரோட்டீன் இருக்கு, ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தா அது உருவாக உருவாக அழிஞ்சுடும், குறைஞ்சா அழியாம நின்னு புது ரத்தக் குழாய் வளரவும் ரத்த சிவப்பணு கூடவும் வேண்டிய ஜீன்களை ஆன் பண்ணும். செல் ஆக்ஸிஜனை எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2019-ல கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூணு பேருக்கும் நோபல் கொடுத்தாங்க. எலிகளை பாதி காத்தழுத்தத்துல மூணு வாரம் வச்சுப் பாத்தப்போ மூளையோட நுண்குழாய் அடர்த்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா கூடியிருந்துச்சு. குழாய் நெருக்கமானா ஆக்ஸிஜன் செல்லுக்குப் போய் சேர வேண்டிய தூரம் குறையும், அதனால ரத்த ஓட்டத்தை முன்ன மாதிரி கூட்டி வைக்கத் தேவையில்ல.

அதனால முதல் மாசம் முழுக்க உடம்பைக் கசக்காதீங்க, உடற்பயிற்சியை கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. அயர்ன் லெவலை டெஸ்ட் பண்ணிப் பாருங்க, குறிப்பா பெண்கள், ஏன்னா அயர்ன் இல்லாம சிவப்பணு அதிகமாகாது. சிகரெட்டை விட்டுடுங்க, மூடின ரூம்ல கரி அடுப்போ கெரசின் ஹீட்டரோ எரிய விட்டு தூங்காதீங்க, கார்பன் மோனாக்சைடு வந்தா இருக்கற ஆக்ஸிஜனும் போச்சு. பல்ஸ் ஆக்ஸிமீட்டர்ல 3,500 மீட்டர்ல 90-ஐ ஒட்டியோ கொஞ்சம் கீழயோ காட்டறது சகஜம், நம்பரை மட்டும் பாத்து பயப்படவும் வேண்டாம், நம்பர் நல்லா இருக்குன்னு அறிகுறியை ஒதுக்கவும் வேண்டாம். ரத்தம் கெட்டியாகறதால மூளையோட சிரையில ரத்தம் உறைஞ்சு அடைக்கிற ஆபத்தும் கூடும், அதனால தண்ணி போதுமான அளவு குடிங்க, ஈஸ்ட்ரோஜன் இருக்கற கருத்தடை மாத்திரை எடுக்கறவங்க, முன்னாடி ரத்தக்கட்டு வந்தவங்க டாக்டர்கிட்ட பேசாம போகாதீங்க.

லீவுக்கு கீழ வர்றப்போ நிறைய பேர் ஏமாறுறாங்க. அதே எலிகளை சாதாரண காத்துக்கு கொண்டு வந்தப்போ மூணு வாரத்துல புதுசா வந்த குழாயெல்லாம் மறைஞ்சு பழைய அடர்த்திக்கே வந்துடுச்சு. வேணும்னா வளத்துக்குது, வேணாம்னா கழிச்சுடுது. அதனால சில வாரம் கீழ இருந்துட்டு திரும்பிப் போனா, அங்க பல வருஷம் இருந்தவரா இருந்தாலும் சரி, புது ஆள் மாதிரியே முதல் நாள்ல இருந்து நிதானமா ஆரம்பிங்க.

வருஷக்கணக்குல இருக்கறவங்களுக்கு வேற ஒரு கவலை, ரத்தம் அளவுக்கு மீறி கெட்டியாகறது. பெருவுல கார்லோஸ் மோங்கேன்னு ஒரு டாக்டர் 1925-ல இதை முதல்ல விவரிச்சார். ஆண்டிஸ் மலைக்காரங்களுக்கு ஹீமோகுளோபின் அதிகம், மூளைக்குப் போற ரத்த ஓட்டம் கடல் மட்டத்துல இருக்கறவங்களைவிட குறைவு. திபெத்காரங்க வேற வழியில போனாங்க, ஈபாஸ்1 ஜீன்ல இருக்கற மாற்றத்தால அவங்க ரத்தம் அந்த அளவுக்குக் கெட்டியாகறதில்ல, மூளை ரத்த ஓட்டமும் குறையறதில்ல. நமக்கு அந்த ஜீன் மாற்றம் கிடையாது, அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது ஹீமோகுளோபின் பாத்துக்கணும். ஆண்களுக்கு 21, பெண்களுக்கு 19 தொட்டா, கூடவே தீராத தலைவலி, காதுல இரைச்சல், தூக்கமின்மை, உதடு நீலமாகறதுன்னு இருந்தா டாக்டரைப் பாருங்க. ரத்தம் எடுத்து விடறது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், உயரம் குறைஞ்ச ஊருக்கு மாறறதுதான் இதுக்கு உண்மையான வைத்தியம், அதுக்கு ஆஃபீஸ்ல டிரான்ஸ்ஃபர் கேக்க டாக்டர் லெட்டரை அப்பவே வாங்கி வச்சுக்கோங்க.